தகரக் கொட்டகையின் இரைச்சல்

ஸ்பெஷல் நாடகத்தை நான் முதலில் அறிந்தது ஒரு கட்டடப் பிரச்சினையாகத்தான். தல்லாகுளத்தில் நான் வேலை பார்த்த ஆபீசுக்குப் பொதுமக்கள் கூடும் கொட்டகைகளின் லைசென்ஸ் மனுக்கள் வரும். தகரக் கூரைக்கு எத்தனை வாசல் வேண்டும், கதவு உள்ளே திறக்கிறதா வெளியே திறக்கிறதா, தீ வாளிகளில் இருப்பது மணலா வெற்றிலை எச்சிலா என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். உள்ளே என்ன பாடுகிறார்கள் என்பது வேறு பிரிவின் தலைவலி. அந்தப் பிரிவில் என்னைப் போடாததற்காக நான் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு.

காரணம், நான் கச்சேரி கேட்டு வளர்ந்தவன். அப்பாவுக்குச் சங்கீதத்தில் நல்ல பயிற்சி. எனக்குப் பாட வராது. ஆனால் ராகத்தைக் கண்டுபிடித்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் இருக்க முடியாத ரகம். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த மனைவி சோழவந்தான் பக்கத்துப் பெண். வயலும் வெற்றிலைக் கொடிக்காலும் நிறைந்த அந்த ஊரில் கச்சேரி கிடையாது. அறுவடை முடிந்தால் நாடகம் உண்டு. அவளும் அவளுடைய அண்ணனும் நாடகம் பார்த்தே வளர்ந்தவர்கள்.

முப்பதுகளின் தொடக்கம். கல்யாணமான புதிதில் மச்சான் வந்து நின்றார்.

"மாப்ள, இன்னைக்கு ராஜபார்ட்டு புதுக்கோட்டைப் பக்கத்து ஆளு, ஸ்திரீபார்ட்டு கம்பத்துக்காரவுக. ரெண்டு பேரும் இதுவரைக்கும் ஒரே மேடையில நின்னதே இல்ல. விட்டுறாதீக!"

"நின்றதே இல்லையென்றால் ஒத்திகை?"

"ஒத்திகையா? அப்புறம் அதுல என்ன ருசி இருக்கு?"

அதுதான் ஸ்பெஷல் நாடகம். நடிகர்களைத் தனித்தனியாக வெவ்வேறு ஊர்களிலிருந்து வரவழைப்பார்கள். கதை எல்லோருக்கும் தெரிந்த பழைய கதை. புத்தகம் கிடையாது. ராஜாவாக வருபவரும் கதாநாயகியாக வருபவரும் அன்றைக்கு அந்த மேடையிலேயே சந்தித்து, பாட்டிலேயே வாதம் செய்து, பாட்டிலேயே ஜெயித்துத் தோற்று, கடைசியில் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும். ஒத்திகை இல்லாமல் நடப்பது மேலதிகாரியின் ஆய்வு மட்டும்தான் என்று நினைத்திருந்தவன் நான். அதற்கும்கூட முதல் நாள் வெள்ளையடிப்பார்கள்.

போனேன். திரைக்குப் பின்னால் இருந்துகொண்டே ராஜா பாட ஆரம்பித்தார். வருகிறேன் வருகிறேன் என்று பாடினாரே ஒழிய வரவில்லை. மேடையோரத்தில் காலால் மிதித்து வாசிக்கும் ஹார்மோனியத்தின் முன் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் பெட்டியை வாசித்ததோடு நிற்காமல், ராஜா மூச்சு வாங்கிய இடத்தில் எல்லாம் தானும் பாடினார். அதற்குப் பின்பாட்டு என்று பெயராம். எனக்கு அது முன்பாட்டாகவும் நடுப்பாட்டாகவும் கேட்டது. மிருதங்கக்காரர் யாருக்கும் அடங்கவில்லை. கதாநாயகி வந்ததும் நிலைமை இன்னும் மோசம். அவர் சுருதி வேறு, இவர் சுருதி வேறு. ஒரு ராகம் மூக்கை நீட்டும். அதற்குள் இன்னொரு ராகம் அதன் காலை மிதித்துவிடும். ஜனங்கள் 'ஒன்ஸ்மோர்' என்று கூவினார்கள். அதாவது நடந்தது போதாது, மறுபடியும் நடக்க வேண்டும் என்று கேட்டார்கள்.

பாதியில் எழுந்து வந்துவிட்டேன். வெளியே போகும் கதவு உள்ளே திறந்தது. அதையும் மனத்தில் குறித்துக்கொண்டேன். மறுநாள் மச்சானிடம் என் முடிவைச் சொன்னேன்: "இது சங்கீதமும் இல்லை, நாடகமும் இல்லை. இரண்டும் ஒரு முச்சந்தியில் மோதிக்கொண்ட விபத்து."

"மாப்ளைக்குக் கச்சேரிக் காது" என்று அவர் என் மனைவியிடம் சொன்னார். ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல் இருந்தது.

காது வியாதி வேறு இடத்தில் வந்தது.

எங்களுக்கு மகள் பிறந்த பிறகு என் மனைவிக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. முதலில் யாரும் கவனிக்கவில்லை. பிறகு வாசலில் பால்காரர் கூப்பிட்டது கேட்கவில்லை. நான் பின்னாலிருந்து கேட்ட கேள்விகள் அப்படியே காற்றில் நின்றன. ஒருநாள் கூடத்துத் தொட்டிலில் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருக்க, அவள் அடுக்களையில் நிதானமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என் அக்கா ஓடி வந்து குழந்தையைத் தூக்கினாள்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதிலேயே கணவனை இழந்து எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். அம்மா போன பிறகு வீட்டை நடத்தியது அவள்தான். என்னைவிடப் பெரிய அதிகாரி, மேல்முறையீடு கிடையாது.

பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய், வெற்றிலைச் சாறு, யாரோ சொன்ன வேர், எல்லாம் காதில் விட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றும் பிடிக்கவில்லை. இதில் அக்காவுக்கு ஒரு சந்தேகம் வேறு. காது கேட்காதவர்கள் கத்திப் பேசுவார்கள் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். என் மனைவியோ நாளுக்கு நாள் மெதுவாகப் பேசினாள். கிட்டே போய்க் குனிந்தால்தான் அவள் சொல்வது நமக்குப் புரியும்.

"இது என்ன செவிடு தம்பி? செவிடு பேசுற பேச்சு எட்டு வீட்டுக்குக் கேக்கும். இவ பேசுறது அவ மூக்குக்கே கேக்காது. அவங்க ஊருல கொஞ்ச நாள் இருந்து பாக்கட்டும். காது நல்லானதும் வரட்டும். பிள்ளையை நான் பாத்துக்கிறேன்."

'காது நல்லானதும்.' தேதி குறிக்காத உத்தரவு எப்படி முடியும் என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் யார்? 'மறு உத்தரவு வரும்வரை' என்று எழுதிய காகிதங்களை வருஷக்கணக்காகக் கட்டி அடுக்கியவன் நான். மறு உத்தரவு வந்து நான் பார்த்ததில்லை. அப்படித் தாய்வீட்டுக்குப் போன பெண்கள் இரண்டு பேரை எங்கள் தெருவிலேயே தெரியும். ஒருத்தியின் இடத்தில் வேறொருத்தி வந்தும்விட்டாள். ஆனாலும் அக்காவுக்குப் பதில் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. வெள்ளிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வரும்படி மச்சானுக்குச் சொல்லி அனுப்பினோம்.

மனைவிக்கு அதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினேன். அவள் படித்தாள். தொட்டிலைப் பார்த்தாள். சிலேட்டை முந்தானையால் துடைத்துவிட்டு, அந்த மெதுவான குரலில் சொன்னாள்:

"போறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு நாடகம் பாத்துட்டுப் போறேன்."

"காதே கேக்கலையாம், இதுல கூத்து ஒண்ணுதான் குறைச்சல்!" என்றாள் அக்கா. ஆனால் தடுக்கவில்லை. போகிறவள் கேட்டதைக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்பதும் அவளுடைய சட்டத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டத்துக்கு அழைத்துப் போனேன். கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே கயிறு. அவள் பெண்கள் பக்கத்தில் முன்னால் போய் மேடையோரம் உட்கார்ந்துகொண்டாள். நான் என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, வாசல்களை எண்ணிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு முடிவு வரைக்கும் இருந்தேன். கேட்காதவளுக்காகக் கேட்கப் பிடிக்காதவன் காத்திருந்தான். இதைவிட வீணான ஒரு மத்தியானம் இருக்க முடியாது என்று நினைத்தேன்.

திரும்பும்போது ஜட்கா வண்டி. வைகைப் பாலத்தில் ஏறியதும் இரும்புப் பட்டை போட்ட சக்கரங்கள் கடகடவென்று உலுக்கி எடுத்தன. எனக்கு நானே சத்தமாக அலுத்துக்கொண்டேன்.

"அந்தப் பெட்டிக்காரன் வாயை மூடினால்தான் ராஜா வாயைத் திறக்க முடியும் போலிருக்கிறது!"

"அவரு வாயை மூடினா ராஜா விழுந்துருவாருல்ல" என்று என் காதோரத்தில் பதில் வந்தது. "இன்னைக்கு ராஜாவுக்குத் தொண்டை கட்டியிருந்துச்சு. ஏற முடியாத எடத்துல எல்லாம் பெட்டிக்காரருதான் தூக்கிட்டுப் போனாரு. நீங்க கவனிக்கலையா?"

நான் திரும்பிப் பார்த்தேன். "உனக்குக் கேட்டதா?"

"எல்லாம் கேட்டுச்சே. பபூன் சொன்னதுகூட." கோமாளியாக வரும் பபூன் சொன்னதை அப்படியே சொல்லிக் காட்டினாள். அதைச் சொல்லும்போது சிரித்தாள். மாதக்கணக்கில் பார்க்காத சிரிப்பு.

பாலத்திலிருந்து வீடு வரை பேசிக்கொண்டே வந்தோம். சிலேட்டில் எழுத முடியாத சின்னச் சின்னப் பேச்சு. வீட்டு வாசலில் இறங்கினோம். வண்டி போய்விட்டது. "உள்ளே போய்க் கொஞ்சம் மோர் கொடு" என்றேன். அவள் என் உதட்டைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஆனாலும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நேரே அக்காவிடம் போய் நடந்ததைச் சொன்னேன். சொந்தச் சாட்சியைத் தானே கூப்பிட்டு எதிர்க்கட்சியிடம் ஒப்படைக்கும் வக்கீல்கள் கோர்ட்டில் உண்டு. அவர்களில் ஒருவனானேன்.

"ஓகோ! கூத்துக்குக் கேக்குற காது, பெத்த பிள்ளை அழுதாக் கேக்காதாக்கும்? நான் அப்பவே சொன்னேன்ல, நடிப்புன்னு. ராஜபார்ட்டு என்ன, ஸ்திரீபார்ட்டே நம்ம வீட்டுலதான் இருக்கு!"

இனி அவள் நோயாளியாகக்கூட ஊருக்குப் போக முடியாது. பொய்க்காரியாகப் போக வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு அதிக நாள் இல்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: விசாரணை. எங்கே கேட்கிறது, எங்கே கேட்கவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். பூஜை அறையில் கேட்கவில்லை. மத்தியானம் ஊர் அடங்கிய நேரத்தில் கேட்கவில்லை. தெருக்குழாயடியில் பெண்கள் குடத்தை மோதிச் சண்டை போடும்போது, யார் யாரை என்ன சொன்னார்கள் என்று வந்து சொன்னது இவள்தான். கொட்டகையில் கேட்டது, ஜட்காவில் கேட்டது. வழக்கமாக ஆதாரம் எந்தத் திசையில் போக வேண்டுமோ, அதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. சத்தம் அதிகமானால் அவளுக்குக் காது கேட்டது.

இதை அக்காவிடம் வாயால் சொன்னால் என்னையும் ஊருக்கு அனுப்பிவிடுவாள். ஆகவே சொல்லவில்லை. தாய்வீட்டுக்கு அனுப்பும்போது புதுச்சேலை எடுத்துக் கொடுப்பது வழக்கம். அதை அக்கா விட்டுக்கொடுக்க மாட்டாள். "கடையில் வேண்டாம், செல்லூரில் தறிக்காரர் வீட்டிலேயே எடுக்கலாம்" என்றேன். மூன்று பேரும் போனோம்.

செல்லூர்ச் சந்துகளில் அப்போது வீட்டுக்கு வீடு தறி. நாங்கள் போன வீட்டில் நீளமான கூடத்தில் வரிசையாகத் தறிகள் ஓடின. நூல் சுற்றிய நாடா குறுக்கே ஓடுகிற சத்தமும் பலகை அடிக்கிற சத்தமும் ஓட்டுக் கூரையில் மோதித் திரும்பி வந்தன. நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. தறிக்காரரின் மனைவி சேலைகளை விரித்துப் போட்டுவிட்டு ஏதோ சொன்னாள். அக்கா கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"என்ன? சாயம் போகுமா போகாதா?"

தறிக்காரி மறுபடி சொன்னாள்.

"என்னாது?"

என் மனைவி தறிக்காரியைப் பார்த்து ஏதோ கேட்டாள். உதட்டைப் பார்த்தே பேச்சை அறிந்துகொள்வது தறிவீட்டுப் பெண்களுக்குப் பழக்கம். மெதுவான குரல் அங்கே ஒரு குறையே இல்லை. தறிக்காரி பதில் சொன்னாள். இவள் சிரித்தாள். அவளும் சிரித்தாள். இரண்டு பேரும் எங்கள் முன்னாலேயே வெகுநாள் சிநேகிதிகள்போல் பேசிக்கொண்டே போனார்கள். நானும் அக்காவும் இரண்டு தூண்களைப்போல் நின்றோம். நடுவே தறிக்காரி அக்காவைப் பார்த்துவிட்டு இவளிடம் ஏதோ கேட்டாள். இவள் முகம் மாறியது.

அக்கா விடவில்லை. இவள் தோளைத் தட்டினாள். "என்னடி சொல்றா என்னையப் பாத்து?"

இவள் தயங்கினாள். பிறகு அக்காவின் காதில் வாயை வைத்தாள்.

"உங்களுக்குக் காது மந்தமான்னு கேக்குறாங்க மதினி."

சேலையை அக்காவே பொறுக்கினாள். நல்ல சேலையாகவே பொறுக்கினாள். வண்டியில் ஏறி, செல்லூரைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் வந்ததும் திடீரென்று, "வண்டியை நிறுத்துப்பா" என்றாள். வண்டி நின்றது. வைகை மணலில் எங்கோ ஒரு கழுதை. அதுவும் சும்மா நின்றது.

"ஏத்தா, ரசத்துக்குப் புளி ஊறப்போட்டியா?" என்றாள் அக்கா, சாதாரணக் குரலில், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு.

என் மனைவி கழுதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓட்டு." வண்டி கடகடத்தது. அக்கா வேறு பக்கம் பார்த்தபடியே வண்டிச் சத்தத்துக்கு மேலாக, "புளி ஊறப்போட்டியான்னு கேட்டேன்!"

"போட்டுட்டேன் மதினி. கொஞ்சமாத்தான் இருந்துச்சு."

என் விசாரணையில் இப்படி ஒரு நேர்த்தியான சோதனை இல்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது. தெருமுனையில் இறங்கும்போது அக்கா சொன்னாள்: "வெள்ளிக்கிழமை அவ அண்ணன் வந்தா நல்லாச் சாப்பாடு போட்டு அனுப்பு. வந்த மாதிரி ஒத்தையாப் போகட்டும்."

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரிடம் காட்டினேன். இரும்புக் கவை ஒன்றைத் தட்டி அவள் காதருகே பிடித்தார். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார். "ரயிலில் போனால் நன்றாகக் கேட்குமே?" என்று என்னைக் கேட்டார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. காதுக்குள் ஒரு சின்ன எலும்பு இறுகிப்போகும் வியாதியாம். நம் பேச்சை அமுக்கிவிடும் இரைச்சல் அவள் காதுக்குள் அவ்வளவாக ஏறுவதில்லை; அந்த இரைச்சலுக்கு மேலாக நாம் உயர்த்திப் பேசும் குரல் ஏறிவிடுகிறது. அவள் குரல் அவள் மண்டைக்குள்ளேயே பெரிதாக ஒலிப்பதால் மெதுவாகப் பேசுகிறாள். மருந்து இல்லை.

"இதை எழுதித் தர முடியுமா?" என்றேன்.

"எந்த ஆபீசுக்கு?"

"எங்கள் அக்காவுக்கு."

எழுதித் தந்தார். அக்கா அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "அதான் வண்டியில நானே பாத்துட்டேன்ல" என்றாள்.

மருந்து இல்லை, ஆனால் கொட்டகை இருந்தது. இதற்கு மேல் நான் யோசிக்கவில்லை. கயிற்றுக்கு இரண்டு பக்கமும் பிரிந்து உட்காராமல் இருக்க ஒரே வழி சோபா டிக்கெட். மேடையை ஒட்டி, பெரிய மனிதர்கள் மனைவியோடு உட்காரும் இடம். என்னை ஆபீசில் பார்த்திருந்த கொட்டகைக்காரர் இலவசப் பாஸ் கொண்டுவந்து நீட்டினார். அரசாங்க ஊழியர் நடத்தை விதியை அவருக்கு விளக்கி, திருப்பிக் கொடுத்து, டிக்கெட் வாங்கினேன். கொட்டகைக்காரருக்கு என்மேல் அதற்குப் பிறகு பயம் வந்துவிட்டது.

நான் போனது நாடகம் பார்க்க அல்ல. பேச. வாரம் முழுவதும் சேர்த்து வைத்த பேச்சை எல்லாம் மிருதங்கம் உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து அவளிடம் கொட்டினேன். மகளுக்குக் காது குத்துவது, வீட்டுக்காரர் கூரை மாற்றாதது, ஆபீசில் என்னை மதிக்காதவர்கள் யார் யார் என்பது. ஹார்மோனியத்துக்கு நான் முதலில் நன்றி சொன்னது, அது பாட்டை அமுக்கிவிட்டு என் பேச்சை அவளிடம் கொண்டுபோய்ச் சேர்த்ததற்காகத்தான். கேட்டால் சங்கீதக்காரர்கள் அடிக்க வருவார்கள்.

அவள் சில வாரம் பொறுத்தாள். பிறகு ஒருநாள்:

"கொஞ்சம் சும்மா இருங்களேன். இப்ப அந்தம்மா என்ன பதில் சொல்லப் போகுதுன்னு பாக்கணும்."

"அடுத்த பாட்டில் பார்த்துக்கொள்ளக் கூடாதா?"

"அடுத்த பாட்டு இந்தப் பதிலைப் பொறுத்துத்தான வரும்?"

வேறு வேலை இல்லாததால் கேட்கத் தொடங்கினேன்.

மெல்ல மெல்லத்தான் புலப்பட்டது. கச்சேரியில் ஒரே சுருதியோடு மூன்று மணி நேரம் குடித்தனம் நடத்திப் பழகியவன் நான். இங்கே ராஜாவுக்கு ஒரு சுருதி, கதாநாயகிக்கு வேறு சுருதி. முன்பு அதைப் பிழை என்று நினைத்தேன். இப்போது பார்த்தால், ராஜா பாட்டை முடிக்கிற இடத்தில் பெட்டிக்காரர் அந்தக் கடைசி ஸ்வரத்தைக் கீழே விழாமல் பிடித்து, பெட்டியின் நாலு கட்டைகளில் விரலை வழுக்கி, கதாநாயகியின் குரல் எங்கே வசதியாக நிற்குமோ அங்கே கொண்டுபோய் இறக்கினார். ஆற்றின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பரிசல் போடுவதுபோல. ராஜா சில நேரம் வேண்டுமென்றே, அந்தப் பெண் எட்ட முடியாத உயரத்தில் கேள்வியை வைத்துவிட்டு மீசையைத் தடவுவார். பெட்டிக்காரர் அதற்குள் அவளுக்கு ஒரு படிக்கட்டு கட்டிவிடுவார். ராகங்கள் ஒன்றையொன்று மிதிக்கவில்லை. ஒருவர் ராகத்தை இன்னொருவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஒத்திகை இல்லாததால் அத்தனை பேரும் ஒருவரை ஒருவர் கூர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு நிமிஷம் கேட்கத் தவறினால் எல்லாம் சரிந்துவிடும். சரியவில்லை. வாரத்துக்கு வாரம் சரியவில்லை.

"நீங்க ராகத்தையே தேடுறீங்க. ஆளுங்களப் பாருங்க" என்றாள் ஒருமுறை. பார்த்தேன்.

நான் மறக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ராஜபார்ட் அனுபவசாலி, எதிராளியை மூச்சுத்திணற வைப்பவர். கதாநாயகி புதிது, சிறு பெண், முதல் காட்சியிலேயே பெட்டிக்காரரைப் பார்த்துப் பார்த்துத்தான் பாடினாள். கதைப்படி அவள் காவல் காக்கும் தோட்டத்து வாசலில் ராஜா அவளை வழிமறித்துப் பாடினார்:

"வழி கேட்டு வந்தவனை வாசலிலே நிறுத்தலாமோ?"

மேலே மேலே ஏறி, கூரைத் தகரம் அதிர, அந்த ஒற்றை வரியையே சுழற்றிச் சுழற்றிப் பாடிவிட்டு நின்றார். அந்தப் பெண் பதில் எடுக்கவில்லை. பெட்டிக்காரர் படிக்கட்டு கட்டினார். எடுக்கவில்லை. மிருதங்கம் ஒரு சுற்று வாசித்து இடத்தை நிரப்பியது. எடுக்கவில்லை. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். நான் சோபாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பிறகு அவள் கையால் மிருதங்கத்தை நிறுத்தச் சொன்னாள். ராஜாவின் மெட்டையே எடுத்தாள். ஆனால் பாதி வேகத்தில், கீழே, மிகக் கீழே, வீட்டுக்குள் ஒருவரோடு பேசுவதுபோல் பாடினாள். கொட்டகை முழுக்க அடங்கிவிட்டது. முறுக்கு தின்பவர்கூடக் கடிப்பதை நிறுத்திவிட்டார். அத்தனை காலம் அந்தத் தகரத்தின்கீழ் நான் அறியாத நிசப்தம்.

என் மணிக்கட்டை ஒரு கை இறுக்கிப் பிடித்தது. "என்ன பாடுது? எனக்குக் கேக்கலையே! என்ன சொல்லுது?"

நிசப்தத்தில் அவளுக்குக் கேட்காது. இவ்வளவு நாள் காத்திருந்த பதில் வந்தபோது அவளுக்குக் கேட்கவில்லை.

நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். அடுத்த சோபாவில் எங்கள் தாசில்தார் இருந்தார். அவள் காதில் வாயை வைத்து, குரலை உயர்த்தி, அந்தப் பெண் பாடியதை அப்படியே பாடினேன்:

"வழி கேட்டு வந்தவரு வழியைப் பார்த்துப் பேசலாமே, வாசல் காக்கும் என் முகத்தை வாசிப்பது நியாயமோ?"

வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டுப் பாடினேன். சொல்லும் மெட்டும் அந்தப் பெண் நிறுத்திய இடங்களும்கூட என்னிடம் இருந்தன. நான் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கொட்டகை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மேடையிலிருந்த பபூன் விடுவானா?

"அய்யய்யோ, ராஜபார்ட்டண்ணே! சோபாவுல இன்னொரு ராஜபார்ட்டு இருக்காருண்ணே! அம்புட்டு டிக்கெட்டும் வித்துப்போச்சா, இல்ல அவரும் நம்ம செட்டா?"

கொட்டகை வெடித்துச் சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் மனைவிக்குக் காது திறந்துகொண்டது. பபூன் அதையே மறுபடி கூவினான்; அதைக் கேட்டு அவளும் சிரித்தாள். பெட்டிக்காரர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தார். அது நான் நிற்க வேண்டிய சுருதி. நான் விலகியிருந்தேன் என்று அர்த்தம். அவ்வளவு மரியாதையாக யாரும் என் பிழையைத் திருத்தியதில்லை. அந்தச் சிறு பெண்ணும் சிரித்தாள். அதன்பிறகு ராஜாவுக்குத்தான் மூச்சுத் திணறியது.

மறுநாள் ஆபீசில் தாசில்தார் என்னைக் கூப்பிட்டார். "சாரீரம் பரவாயில்லை" என்று மட்டும் சொன்னார்.

நாற்பதுகளில் கொட்டகைகள் ஒவ்வொன்றாக டாக்கிக்கு, அதாவது பேசும் படத்துக்கு, மாறின. அந்த லைசென்சுகளும் என் மேஜை வழியாகவே போயின. என் மனைவிக்கு டாக்கி பிடிக்கவில்லை. அங்கே ஜனங்கள் வாயை மூடிக்கொண்டு பார்க்கிறார்கள். நான் ஒரு பழைய ஹார்மோனியத்தை வாங்கி வந்து கூடத்தில் வைத்தேன். வாசிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. துருத்தியை மிதித்து, கைக்கு வந்த கட்டைகளை அமுக்கி, அந்த முழக்கத்துக்கு மேலாகச் சொல்ல வேண்டியதைச் சொல்வேன். பிறகு நிறுத்திவிடுவேன், அவள் குரல் மெதுவானது, நிறுத்தினால்தான் எனக்குக் கேட்கும். அவள் பதில் சொல்வாள். மறுபடி மிதிப்பேன். முழக்கம், நிசப்தம், முழக்கம், நிசப்தம். தெருவில் என்னைச் சங்கீதப் பைத்தியம் என்று சொல்லிக்கொண்டார்கள். அக்காவும் பழகிக்கொண்டாள். "தம்பி, பெட்டியைப் போடு. இவகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று வந்து நிற்பாள். கேட்பது பெரும்பாலும் புளியைப் பற்றித்தான் இருக்கும்.

ஒருநாள் எனக்குப் பதவி உயர்வு உத்தரவு வந்தது. ராமநாதபுரம் பக்கம் ஒரு சின்ன ஊர். துருத்தியை மிதித்து விஷயத்தைச் சொன்னேன்: பெரிய நாற்காலி, தனி வீடு, அமைதியான ஊர். நிறுத்தினேன்.

அவள் முதலில் கேட்டது:

"அந்த ஊருல கொட்டகை இருக்கா?"

லைசென்ஸ் விவரம் எல்லாம் எனக்கு மனப்பாடம். "இல்லை" என்றேன். பெட்டியை மிதிக்க மறந்துவிட்டேன். ஆனால் என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விளங்கிவிட்டது. அக்கா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "தறியாச்சும் இருக்கா?" என்றாள்.

எல்லா விண்ணப்பத்துக்கும் மாதிரி வாசகம் எனக்குத் தெரியும். பதவி உயர்வு வேண்டாம் என்று எழுதுவதற்கு மட்டும் எந்த விதிப் புத்தகத்திலும் மாதிரி இல்லை. நானே எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று போட்டேன். 'அந்த ஊரில் இரைச்சல் போதாது' என்று எழுதியிருந்தால், பாவம், அதை எந்தப் பிரிவுக்கு அனுப்புவார்கள்?